சாக்குருவி தோட்டக் காவலன் ஆன கதை



உணவுச் சங்கிலியைக் கற்பிக்கும்போது நம்மில் பலர் கரும்பலகையில் எழுதுவது நெல், எலி, ஆந்தை என்னும் வரிசையைத்தான். மாணவர்களும் அம்புக்குறி இட்டு எழுதிவிடுவார்கள். சோதனையில் புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால், இந்நாட்டின் தோட்ட நிருவாகங்களும் தோட்டத்துப் பிள்ளைகளும் அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பறவையை ஏற்றுக்கொள்வதற்கு எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்த வேண்டியிருந்தது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நிலத்துக்கு உரியவர்களுக்கு ஒரு பாடமும், அந்நிலத்தில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு வேறொரு பாடமும் தேவைப்பட்ட வரலாறு அது. அதில் நம் தோட்டப்புறத் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பறவையைப் பற்றிச் சில சொற்கள். ஆந்தை வகைகள் பல. இங்கே நான் குறிப்பிடுவது வெண்மையான, இதய வடிவ முகங்கொண்ட கூகையை. இது மற்ற ஆந்தைகளைப்போல் நிதானமாகக் குழறாது, கிறீச்சிட்டு அலறும். இருட்டில் வெள்ளை நிறத்தில், இறக்கையின் ஓசை சிறிதுமின்றி, அலறிக்கொண்டே தலைக்கு மேல் பறந்து போகும் ஒன்றைக் கண்டு மனிதன் அஞ்சியதில் வியப்பென்ன இருக்கிறது? தமிழில் ஆந்தை இனத்துக்குச் 'சாக்குருவி' என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. மலாய்க்காரர்கள் ஆந்தையைப் பொதுவாகவே 'பூரோங் ஹந்து', அதாவது பேய்ப்பறவை என்கிறார்கள். இந்த வெண்கூகைக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'ஜம்புக் குபுர்'. குபுர் என்றால் கல்லறை. இரண்டு இனத்தாரும் தனித்தனியே யோசித்து ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்!

நம் இலக்கியத்திலும் கூகையின் குரல் சுடுகாட்டோடு சேர்ந்துதான் பெரும்பாலும் ஒலிக்கிறது. புறநானூற்றின் சுடுகாட்டுப் பாடல்களைப் படித்தவர்கள் இதை அறிவார்கள். ஆனால் நற்றிணையின் 83ஆம் பாடல் வேறு வகையானது. தலைவனை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வேளையில், ஊர் நீர்த்துறைக்கு அருகில் உள்ள முதுமரத்தில் வாழும் கூகையிடம் தோழி பேசுகிறாள். இரவில் குரலெழுப்பி எங்களை அச்சுறுத்தாமல் இருந்தால், நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் எலியின் சூட்டிறைச்சியும் நிறையத் தந்து உன்னைப் பேணுவோம் என்று ஆசை காட்டுகிறாள். அந்தப் பறவைக்கு என்ன பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தோட்டத்துரைமார்கள் ஆங்கில ஆய்விதழ்களில் படித்துத் தெரிந்துகொண்ட செய்தியை ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் புலவர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிச் சென்றிருக்கிறார். எனினும் அச்செய்தி கப்பலேறி மலாயாவுக்கு வரவில்லை. சாக்குருவி மட்டும் வந்தது.

நிற்க.

மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில். அதற்குப் பிறகு நெடுங்காலம் பால்மரமே அரசனாக இருந்தது. 1960களில்தான் இரப்பர் விலையின் போக்கைக் கண்டு அஞ்சிய நிறுவனங்கள் பால்மரக்காடுகளை அழித்துச் செம்பனைக்கு மாறின. அரசாங்கத்தின் நிலக் குடியேற்றத் திட்டங்களும் அதே பயிரைக் கையிலெடுத்தன. பால்மரத்தில் எலிக்குத் தின்ன அதிகம் இல்லை. செம்பனையிலோ ஆண்டு முழுவதும் பழம். உதிர்ந்து கிடப்பதும் பழம். ஒளிந்துகொள்ள வெட்டிப் போட்ட மட்டைகளின் குவியல். எலிகளுக்கு இதைவிட நல்ல குடியேற்றத் திட்டம் ஒன்றை யாரும் வகுத்துத் தந்திருக்க முடியாது. ஒரு ஹெக்டேரில் 200 முதல் 600 எலிகள் வரை வாழ்ந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கட்டுப்படுத்தாவிட்டால் எண்ணெய் விளைச்சலில் சுமார் 5 விழுக்காடு எலியின் வயிற்றுக்குப் போய்விடும் என்பது அக்காலத்திலிருந்து சொல்லப்பட்டு வரும் மதிப்பீடு.

நஞ்சு வைத்தார்கள். 1960களின் பிற்பகுதியிலிருந்து வார்ஃபரின் என்னும் நஞ்சு கலந்த இரைக்கட்டிகள் செம்பனைத் தோட்டங்களில் பரவலாயின. இரத்தம் உறையாமல் செய்து எலியைக் கொல்லும் நஞ்சு இது. ஆள் பிடித்து, மரத்துக்கு ஒன்றாகக் கட்டி வைத்து, தின்றுவிட்ட இடத்தில் மீண்டும் மீண்டும் வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களில் நம் பெண்கள் ஏராளம்.

இதே காலத்தில்தான் வெண்கூகை வந்து சேர்ந்தது. அதற்கு முன் தீபகற்ப மலேசியாவில் இப்பறவை மிக அரிதாகவே காணப்பட்டது. 1960களின் இறுதியில் ஜொகூரின் செம்பனைத் தோட்டப் பகுதியில் இது கூடு கட்டியிருப்பது பதிவாயிற்று. யாரும் கூண்டில் அடைத்துக் கொண்டுவந்து விட்டதல்ல. எலி பெருகிய இடத்தைத் தேடித் தானே வந்து குடியேறியது.

வந்த விருந்தாளிக்கு ஓர் இடர் இருந்தது. வெண்கூகை குச்சி பொறுக்கிக் கூடு கட்டும் பறவையன்று. அதற்குப் பொந்து வேண்டும். செம்பனையில் பொந்து விழுவதில்லை. ஆகவே தோட்டத்துக் கட்டடங்களின் கூரையடியில் அது புகுந்தது. தொழிலாளர் குடியிருப்பின் அருகே, இரவில், அந்த அலறலோடு! இனி நடந்திருக்கக் கூடியதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நிலவுடைமையாளர்களுக்கு நடந்த பாடத்தைப் பார்ப்போம். தோட்ட நிருவாகிகளுக்கு 1919இலேயே தோற்றுவிக்கப்பட்ட ஒரு சங்கம் இருந்தது. 'தி பிளான்டர்' என்னும் இதழ் அதனுடையது. 1968இல் அச்சங்கம் பிரையன் வுட் என்னும் பூச்சியியல் அறிஞர் செம்பனையின் பீடைகளைப் பற்றி எழுதிய நூலை வெளியிட்டது. ஓலையைத் தின்று அழிக்கும் பைப்புழுக்கள் திடீர் திடீரெனப் பெருகியதற்குக் காரணமே, அவற்றின் இயற்கைப் பகைவர்களைத் தோட்டத்தார் தெளித்த மருந்துகள் கொன்றதுதான் என்று வுட் காட்டினார். மருந்தை நிறுத்தினால் பீடை குறையும் என்பது அக்காலத் துரைமார்களுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கும். ஆனால் கணக்கு ஒத்துவந்தது, ஏற்றுக்கொண்டார்கள். அந்த அனுபவம் இருந்ததால்தான் ஆந்தையைப் பற்றிய பேச்சுக்கும் காது கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

1976இல் டக்கெட் என்பவர் அதே 'பிளான்டர்' இதழில், செம்பனைத் தோட்டங்களில் எலிகளின் பெரும் பகைவர்கள் ஆந்தைகளே என்று, குறிப்பாக வெண்கூகையைச் சுட்டி, கட்டுரை எழுதினார். அதை அடுத்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக கிரகாம் லென்டன் இப்பறவையை முறையாக ஆராய்ந்தார். ஆந்தை இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்து, அது உண்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எலியே என்று அவர் கண்டார். ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்பது பின்னர் பரவலாகச் சொல்லப்பட்ட மதிப்பீடு. பொந்து இல்லாத குறையைப் போக்க மரப்பெட்டி செய்து கம்பத்தில் ஏற்றி வைத்தால், கூகை தயங்காமல் குடிபுகுந்து முட்டையிட்டது. சுமார் 10 ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்னும் வழக்கம் காலப்போக்கில் ஏற்பட்டது.

இந்தப் பாடம் முழுவதும் எண்களால் ஆனது என்பதைக் கவனியுங்கள். எத்தனை எலி, எத்தனை ஹெக்டேர், நஞ்சுக்கு எவ்வளவு செலவு, பெட்டிக்கு எவ்வளவு செலவு. நிலத்தை வைத்திருப்பவரிடம் பேச வேண்டிய மொழி அதுதான். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பெட்டி நிற்கும் இடத்தில் வாழ்பவரிடம் அந்த மொழி செல்லாது. எண்ணெய் விளைச்சலில் 5 விழுக்காடு மிஞ்சினால் லயன் வீட்டுக்காரருக்கு என்ன வந்தது?

இங்கே என் அனுபவத்தைச் சிறிது சொல்ல வேண்டும். 1980களின் இறுதியில் நான் பேரா மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றினேன். பத்து பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் பயனாய் எழுந்த பள்ளிகளின் வழியில் வந்தது அது. இரண்டே வகுப்பறைகள், பின்னால் செம்பனை. அத்தோட்டத்தில் ஆந்தைப் பெட்டிகள் வைக்க முடிவாகி, ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில் அறிவித்தார்கள். அறிவித்ததோடு சரி. லயத்தை ஒட்டி வைக்கப்பட்ட பெட்டி ஒரு வாரத்துக்குள் கம்பத்தோடு சாய்ந்து கிடந்தது. யார் சாய்த்தது என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த மாதம் லயத்தில் ஒரு முதியவர் இறந்திருந்தார்.

பெரிய கிராணி விவரமானவர். வெளிக்காட்டில் நின்ற மற்றொரு பெட்டியின் அடியிலிருந்து கரிய உருண்டைகளைப் பொறுக்கி, மைலோ டின்னில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுவந்து தந்தார். "வாத்தியாரே, இத பிள்ளைங்ககிட்ட குடுத்துப் பிரிக்கச் சொல்லுங்க. நாம சொன்னா பெரியவங்க கேக்க மாட்டாங்க" என்றார். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பழைய நாளிதழை விரித்துக் குச்சியால் பிரித்தார்கள். ஓர் உருண்டையில் ஒரு மண்டையோடு; சிலவற்றில் இரண்டு. மஞ்சள் நிறமான நீண்ட முன்பற்களைப் பார்த்ததும் எலி என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எலும்புகளை அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதினார்கள். அட்டைகளை வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னேன்.

மறுநாள் ஒரு சிறுமி, "எங்க பாட்டி இத வீட்டுக்குள்ள வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க ஐயா, ஆனா ரொம்ப நேரம் பாத்தாங்க" என்றாள். கோழிக்குஞ்சையும் அரிசி மூட்டையையும் எலிக்குப் பறிகொடுத்த பாட்டி அவர். சாய்ந்த பெட்டி திரும்ப நிமிர்த்தப்பட்டது, லயத்திலிருந்து சற்றுத் தள்ளி. அதன்பின் அதை யாரும் தொடவில்லை. பாட்டியின் அச்சம் தீர்ந்ததென்று நான் சொல்லமாட்டேன். இரவில் அலறல் கேட்டால் அவர் விளக்கை ஏற்றி வைத்ததாகவே பேத்தி சொன்னாள். அச்சத்தையும் வைத்துக்கொண்டு, பறவையையும் வாழவிடலாம் என்று அந்த லயம் ஒருவாறு தீர்மானித்துக்கொண்டது.

வரலாற்றுக்குத் திரும்புவோம். துரைமார்களுக்கு எண்களால் நடத்திய பாடத்துக்கு ஒரு பலவீனம் இருந்தது. எண் மாறினால் பாடமும் மாறிவிடும். 1980களில் வார்ஃபரினுக்கு எலிகள் பழகிப்போயின. தின்றும் சாகாத எலிகள் பெருகவே, 'இரண்டாம் தலைமுறை' எனப்படும் கடுமையான நஞ்சுகள் சந்தைக்கு வந்தன. ஒரே முறை தின்றால் போதும். எலி சில நாளில் செத்துவிடும். ஆனால் அந்தச் சில நாளில் அது தடுமாறிக்கொண்டு வெளியில் திரியும். அப்படிப்பட்ட எலிதான் கூகைக்கு எளிதான இரை. நஞ்சு எலியின் ஈரலில் தங்கி, ஆந்தையின் ஈரலுக்கு இடம் மாறியது. முன்பு ஆந்தைக்காகப் பரிந்து எழுதிய அதே டக்கெட், 1984இல் அதே இதழில், புதிய நஞ்சுகள் வந்த பிறகு வெண்கூகைகள் குறைந்ததைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. பெட்டி வைத்த கையே நஞ்சையும் வைத்தது. இரண்டுமே தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் 'எலிக் கட்டுப்பாடு' என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கும்.

நெல்வயல்களில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. 1990களில் புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர் ஹபிட்சியும் அவருடைய குழுவினரும் சிலாங்கூரின் தஞ்சோங் காராங் வயல்வெளிகளில் ஆந்தைப் பெட்டிகளை ஆராய்ந்தார்கள். தோட்டம் என்றால் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு ஒரே நிருவாகம். ஒருவரை இணங்க வைத்தால் போதும். வயலிலோ ஒவ்வொருவருக்கும் சில ஏக்கர்தான். கூகைக்கு வரப்பு தெரியாது. என் நிலத்தில் நான் பெட்டி வைக்கிறேன். அது பக்கத்து வயலில் நஞ்சுண்ட எலியைப் பிடித்துத் தின்று, என் பெட்டியில் வந்து சாகிறது. அல்லது என் செலவில் வைத்த பெட்டியின் ஆந்தை ஊரார் வயலையெல்லாம் காக்கிறது. ஆகவே இங்கே ஒருவருக்குக் கற்பித்துப் பயனில்லை. அண்டை அயலார் அனைவருக்கும் ஒருசேரக் கற்பித்தாக வேண்டும். நஞ்சு வைக்காதிருக்கும் உடன்பாடுதான் உண்மையான ஆந்தைப் பெட்டி, மரப்பலகை அடுத்ததுதான்.

ஆந்தை மட்டும் போதுமா என்ற வினாவும் எழுந்தது. அதையும் மறைக்கக் கூடாது. மேலே குறிப்பிட்ட பிரையன் வுட், சுங் கைட் ஃபீ என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து 2003இல் மலேசியாவின் எலிக் கட்டுப்பாட்டு வரலாற்றை மதிப்பிட்டு எழுதியபோது, கூகை மட்டுமே எலியை இழப்பு ஏற்படாத அளவுக்குக் குறைத்துவிடும் என்பதில் ஐயத்தையே வெளியிட்டார். எலி பெருகும் வேகம் அத்தகையது. நஞ்சே வேண்டாம் என்பாரும், ஆந்தையால் ஆகாது என்பாரும் இன்றும் உண்டு. எலி அளவு மீறும்போது மட்டும் ஆந்தைக்குக் கேடு குறைந்த நஞ்சைக் கையாள்வது என்ற நடுவழியே எனக்கு நேர்மையாகத் தோன்றுகிறது. மாணவர்களிடமும் இதை இப்படியே சொல்லலாம். ஆந்தை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்லி வளர்த்தால், தீர்க்காத அன்று அவர்கள் ஆந்தையைக் கைவிடுவார்கள்.

இளையோருக்கான கல்வி முறையாக அமைந்தது சற்றுத் தாமதமாகத்தான். 1940இல் தோன்றிய மலாயா இயற்கைக் கழகம், இன்றைய மலேசிய இயற்கைக் கழகம், கல்வி அமைச்சின் ஒத்துழைப்போடு 1991இல் பள்ளிகளில் இயற்கை அன்பர் மன்றங்களைத் தொடங்கியது. அதுவரை இயற்கையைப் பற்றிய எழுத்தெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பெரியவர்களுக்காகவே இருந்தது. மன்றங்கள் வந்தன, பிள்ளைகள் பறவை பார்க்கப் போனார்கள், நல்லதே நடந்தது. ஆயினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மன்றம் வேரூன்றிய அதே ஆண்டுகளில்தான் நம்மவர் தோட்டங்களைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாயின, பிழைப்புத் தேடி மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். லயன் வீடுகளில் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் குடியேறினார்கள். எலும்பு அட்டையை ஒட்டிய பிள்ளைகள், தாங்கள் கற்றதை எடுத்துக்கொண்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் தத்தம் ஊரின் சாக்குருவிக் கதையோடு வந்திருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நம் பள்ளியில் இடமில்லை. பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். யார் தொடங்குவது?

நிருவாகங்களின் பக்கத்தில் பாடம் வேறு வழியாகத் தொடர்ந்தது. 2004இல் நிலைத்தன்மை வாய்ந்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு உருவானது. வெளிநாட்டில் எண்ணெய் வாங்குபவர்கள் நஞ்சைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். சான்றிதழ் வேண்டும் என்றால் பீடைகளை ஒருங்கிணைந்த முறையில் கட்டுப்படுத்துவதைக் காட்ட வேண்டும். எண் மீண்டும் ஆந்தைக்குச் சாதகமாகத் திரும்பியது. நெடுஞ்சாலையில் செல்லும்போது செம்பனைகளுக்கு நடுவே கம்பத்தில் நிற்கும் பெட்டிகளைக் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பெற்றோர்களே. புறாக்கூண்டு என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மலாயில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. பறவைப் பட்டியல்களில் இப்போது 'ஜம்புக் குபுர்' என்பதற்குப் பதிலாக 'புங்குக் ஜெலாபாங்' என்ற பெயரைக் காண்கிறோம். ஜெலாபாங் என்றால் நெற்களஞ்சியம். கல்லறையிலிருந்து களஞ்சியத்துக்கு இடம் மாறிவிட்டது! நமக்குப் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. 'கூகை' என்ற பழஞ்சொல் இருக்கிறது. திருக்குறளின் காலமறிதல் அதிகாரத்தில் அதைப் பிள்ளைகள் சந்திக்கிறார்கள். அறிவியல் பாடத்தில் 'ஆந்தை' என்று மட்டும் எழுதாமல் இச்சொல்லையும் சேர்த்துக் கற்பித்தால், தமிழ்ப்பாடமும் அறிவியல் பாடமும் ஒரே வகுப்பில் நடந்துவிடும்.

உருண்டை பிரிக்கும் நடவடிக்கையைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். அருகில் தோட்டம் இருந்தால் நிருவாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். அடியில் கிடப்பதைப் பொறுக்கினால் போதும். குஞ்சுகள் இருக்கும் வேளையில் தாய்ப்பறவை கலவரப்படும். பொறுக்கியதை அலுமினியத் தாளில் சுற்றி அடுப்பில் நன்றாகச் சூடாக்கிக் கிருமி நீக்கிய பிறகே மாணவர்களிடம் தாருங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். வெதுவெதுப்பான நீரில் சிறிது ஊறவைத்தால் மயிர் எளிதாகப் பிரியும். கீழ்த்தாடை எலும்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணினால் எத்தனை எலி என்பது தெரிந்துவிடும். பிரித்து முடித்தபின் எலும்புகளைக் கறுப்பு அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளை அட்டையில் சிறிய விலா எலும்புகள் தெரிவதில்லை.